ஐந்து ஏக்கர் வாங்கினால் தற்சார்பாக வாழ முடியுமா?

கேள்வி: டென்வரில் வசிக்கிறேன். கொலராடோவின் தெற்கில் உள்ள கோஸ்டில்லா கவுண்டியில் 5 ஏக்கர் மனை மலிவாக வருகிறது. சூரிய மின்சாரம், ஆழ்துளைக் கிணறு, காய்கறித் தோட்டம், சில ஆடுகள் என்று வாழவும், பேரிடர்க் காலத்தில் குடும்பத்தோடு ஒதுங்கவும் அந்த இடம் ஏற்றதா?

பதில்: வெயிலுக்கு அங்கே குறைவில்லை. ஆகவே மின்சாரத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வருகிறேன். அந்தக் கவுண்டி இருக்கும் ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையின் நீர் முன்னரே முழுவதுமாகப் பங்கிடப்பட்டுவிட்டது. அதே கவுண்டியின் சான் லூயிஸ் ஊர் வாய்க்காலுக்கு 1852 முதல் உரிமை இருக்கிறது. பழைய உரிமைக்கே முதலிடம் என்பதால், இன்று வருபவர் அத்தகையவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். 35 ஏக்கருக்குக் குறைவான மனைக்குப் பொதுவாகக் கிடைப்பது வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் கிணற்று அனுமதியே. அந்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சவோ ஆடுகளுக்குக் காட்டவோ கூடாது. 35 ஏக்கர் வைத்திருப்பவர் 1 ஏக்கர் வரை தோட்டத்துக்குப் பாய்ச்சலாம்; உங்களுக்குக் கிணற்று நீரில் ஒரு கத்தரிச் செடிக்கும் வழியில்லை.

மழைநீரைப் பிடிக்கலாமே என்பீர்கள். பிடிக்கலாம், ஆனால் விதி இரு வகைப்படும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பீப்பாய்களில் மொத்தம் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர், சேமித்து வெளியே செடிகளுக்கு ஊற்றலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிக் குடிநீர் இல்லாத, கிணற்று அனுமதிக்குத் தகுதியுள்ள வீடுகளுக்குக் கூரை நீரைச் சேமிக்க இடம் தருகிறது; ஆனால் கிணற்று நீரை எதற்குப் பயன்படுத்தலாமோ அதற்கு மட்டுமே இதையும் பயன்படுத்தலாம். வீட்டுக்குள் மட்டும் என்றால் கூரை நீரும் வீட்டுக்குள் மட்டுமே. அந்த இடம் அமைந்த சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் சமவெளியில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை ஒட்டியே இருப்பதால், 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும் நாளொன்றுக்குச் சுமார் 55 லிட்டர்தான் தேறும். உறைபனி இல்லாத காலமும் ஏறத்தாழ மூன்றே மாதங்கள்.

இவற்றில் எதையும் இணையத் தரகர்கள் சொல்வதில்லை. பிளாங்கா சிகரத்தின் படத்தைப் போட்டு, மாதத் தவணை என்று ஆசை காட்டுவார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் அவர்கள் கையில் இருக்கும். இடையில் ஒரு தவணை தவறினால் கட்டிய பணமும் நிலமும் சேர்ந்தே போகலாம். 'குவிட்கிளைம்' பத்திரத்தை நீட்டினால் ஏற்காதீர்கள். விற்பவருக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அது உங்களுக்கு வரும் என்பதே அதன் பொருள். இருக்கிறது என்ற உறுதி அதில் கிடையாது. வரைபடத்தில் உள்ள சாலை தரையிலும் இருக்கிறதா என்று நேரில் சென்று பாருங்கள்.

பேரிடர்ப் புகலிடம் என்ற எண்ணத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். 2018 ஜூனில் அதே கவுண்டியின் ஃபோர்ட் கார்லண்ட் ஊருக்கு அருகே மூண்ட ஸ்பிரிங் காட்டுத்தீ 1 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. கிழக்கே செல்லும் 160ஆம் எண் நெடுஞ்சாலையும் அடைபட்டது. பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்துக் கவுண்டியின் அலமோசா நகருக்குத்தான் போக வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன், மனை எண்ணைக் குறிப்பிட்டு எந்த வகைக் கிணற்று அனுமதி கிடைக்கும் என்று மாநில நீர்வளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு என்ன தேவை என்று கவுண்டி அலுவலகத்திடமும் அவ்வாறே கேளுங்கள். இரண்டு பதில்களும் எழுத்தில் வரும்வரை தரகர் எத்தனை முறை அழைத்தாலும் காத்திருக்கட்டும்.