ஓய்வுக்காலப் பணமும் இரண்டு மனையும்

கேள்வி: தேவகோட்டையில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றிருக்கிறேன். பென்ஷன் கிடையாது. பி.எப்., சேமிப்பு எல்லாம் சேர்த்து 32 லட்சம் இருக்கிறது. பூர்வீக வீட்டில் ஒரு பங்கும் உண்டு. என் அண்ணன் 2005-இல் 2 லட்சத்துக்கு வாங்கிய மனை இன்று 16 லட்சம் போகிறதாம். "காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, இனி விலை ஏறும். தலா 13 லட்சத்தில் இரண்டு மனை வாங்கிப் போடு" என்கிறார். எல்லோரும் ஏன் மண்ணிலேயே பணத்தைப் போடுகிறார்கள்? நானும் போடலாமா?

பதில்: ஆச்சி, அண்ணன் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 20 ஆண்டில் எட்டு மடங்கு என்பது ஆண்டுக்கு 11 சதவீதக் கூட்டுவட்டிக்குச் சமம். பத்திரச் செலவு, முள் வெட்டிய கூலி, வேலி எல்லாம் கழித்தால் 10-ஐ ஒட்டி நிற்கும். நல்ல வளர்ச்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 16 லட்சம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. அந்த விலைக்கு ஆள் வந்து முன்பணம் கொடுக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவரிடமே கேளுங்கள்.

மண் கண்ணுக்குத் தெரியும். ஏமாற்று நிறுவனம் போல ராத்திரியோடு பூட்டிவிட்டுப் போகாது. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் இத்தனை வருடம் பலருடைய கணக்கைப் பார்த்ததில் எனக்குப் பட்ட பெரிய காரணம், மனையை நினைத்தவுடன் விற்க முடியாது என்பதுதான். பங்குச்சந்தை இறங்கினால் பயந்து விற்றுவிடுகிறோம். மனையின் விலையை யாரும் தினமும் வந்து சொல்வதில்லை. கருவேல முள்ளோடு அது பாட்டுக்குக் கிடக்கிறது, நாமும் 20 வருடம் தொடாமல் இருந்துவிடுகிறோம்.

அதே குணம்தான் ஆபத்தும். நம் செட்டியார் முன்னோர் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனது நிலம் வாங்க இல்லை, வட்டிக்குக் கொடுத்து வாங்கத்தான். 1930-களில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த வயல்கள் கைக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் வசம். வாங்க ஆள் இல்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948 சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் அரசுடைமை ஆனது. கப்பல் ஏறியவர்களால் அதை எடுத்துவர முடியவில்லை.

உங்கள் பூர்வீக வளவு வீட்டையே பாருங்கள். எத்தனை பங்காளிகள் கையெழுத்துப் போட்டால் அது விற்கும்? கையெழுத்து சேராமலே எத்தனை வீடுகள் ஒழுகி இடிந்தன! அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்காது.

இப்போது உங்கள் கணக்கு. இரண்டு மனைக்கு 26 லட்சம். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம், அதாவது 2.34 லட்சம். மிச்சம் 3.66 லட்சம். மாத வருமானம் ஒரு ரூபாய்கூட வராது; காலி மனை வரி வேறு கட்ட வேண்டும். ஓர் அறுவை சிகிச்சை வந்தால் மனையை அடிமாட்டு விலைக்குத்தான் தள்ளவேண்டி வரும்.

அதே 26 லட்சத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 53,300 ரூபாய் வரும். ஐந்தாண்டுத் திட்டம் என்றாலும், ஓராண்டுக்குப் பிறகு அவசரத்துக்கு முடித்தால் ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம்தான் பிடிப்பார்கள். மீதி 6 லட்சம் மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் வங்கியில் இருக்கட்டும். அசல் வளராது, விலைவாசி ஏறும், உண்மைதான். ஆனாலும் உங்களுக்கு மனை வேண்டாம் என்பதே என் முடிவு. மண் காத்திருக்கச் சொல்லும்; உங்களுக்கு வேண்டியது மாதச் செலவுக்குப் பணம்.

சம்பாதிக்கிற பிள்ளை இருந்து, அவர் தன் பணத்தில் வாங்க நினைத்தால் தாராளமாக வாங்கட்டும். மனைப்பிரிவுக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா, தாய்ப்பத்திரம் தொடர்ச்சியாக வருகிறதா, 30 வருட வில்லங்கச் சான்று சுத்தமா, பட்டா விற்பவர் பெயரில்தானா என்று பார்த்த பிறகே முன்பணம். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி என்பதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அண்ணனோடு உட்கார்ந்து பேச வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பூர்வீக வீட்டில் உங்கள் பங்கு எது என்பதை, பெரியவர்கள் இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அதற்கு என்ன செலவானாலும் அந்த 6 லட்சத்திலிருந்து எடுங்கள்.