ஆட்டிசம் உள்ள குழந்தை அடிக்கடி பள்ளிக்கு லீவு போட்டால் என்ன செய்வது?

மூன்றாம் வகுப்புப் பையன், ஆட்டிசம், வாரத்தில் பாதி நாள் போக மாட்டேன் என்கிறான், அட்டெண்டன்ஸ் குறைகிறது என்று பள்ளியில் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'ரெண்டு போட்டா சரியாயிடும்' என்று சொல்ல உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை விடுங்கள்.

முதலில் லீவுகளைப் பிரித்துப் பாருங்கள். அவன் போட்டது எது, பள்ளி போடவைத்தது எது?

என் மகனுக்கு இப்போது 14 வயது. உங்கள் பையன் வயதில் காலையில் யூனிஃபார்மை எடுத்தாலே 'வயிறு வலி' என்பான். வாந்தியும் எடுப்பான். கேஸ் வந்த தேதியும் பால் கணக்கும் குறித்துவைக்கும் மாதக் காலண்டரிலேயே என் மனைவி இதையும் குறிக்க ஆரம்பித்தாள். பெரும்பாலும் திங்கட்கிழமை. ஆனால் மழை பெய்த திங்கட்கிழமைகளில் சமர்த்தாகக் கிளம்பியிருக்கிறான். மழையென்றால் மைதானத்தில் பிரேயர் கிடையாது. ஒரு திங்கள் நானே போய் கேட் ஓரம் நின்று பார்த்தேன். அவன் வகுப்பு வரிசைக்கு நேர் பின்னால் பேண்டு. டிரம் அடிக்க ஆரம்பித்ததும் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, முழங்கை இரண்டையும் முகத்துக்கு முன்னால் சேர்த்து வைத்து நின்றான். பக்கத்தில் நின்ற மிஸ் கையை எடுத்துவிட்டார். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்துவிட்டார்.

இனி பள்ளி போடவைத்த லீவு. ஷேடோ டீச்சரை, அதாவது வகுப்பில் இவன் பக்கத்திலேயே இருந்து உதவும் ஆளை, நம் செலவில் வைக்கச் சொல்வார்கள். அவர் லீவென்றால் இவனும் வர வேண்டாம். இன்ஸ்பெக்‌ஷனா, வர வேண்டாம். ஆண்டு விழா ஒத்திகையா, 'அவனுக்குக் கஷ்டமா இருக்கும் சார்'. இதைத் தவிர பதினொரு மணிக்கு போன் வரும்: 'கத்துறான், கூட்டிட்டுப் போயிடுங்க.' காலையில் பெயர் கூப்பிட்டாகிவிட்டதால் பதிவேட்டில் அன்று முழுநாள் வந்தவன். அதே பள்ளிதான் அட்டெண்டன்ஸ் போதாது என்றும் கடிதம் தரும்.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்து வரட்டும் என்று வாயால் கேட்டபோது, 'ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க' என்றார் பிரின்சிபல். அப்புறம் எழுத்தில் கொடுத்தேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் குழந்தையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே சரி என்றார்கள். பாதியில் அனுப்பினால் நேரமும் காரணமும் டைரியில் எழுதித் தரச் சொன்னேன். போன் வருவது குறைந்தது.

'மற்ற பிள்ளைகள் படிக்க வேண்டாமா' என்று கீழே கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: வேண்டும். பேண்டை நிறுத்தச் சொல்லவில்லை, கொஞ்சம் தாமதமாக வருகிறான் என்றுதான் சொன்னேன். நான் டாக்டரும் இல்லை. பல்வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, வகுப்பில் எவனாவது சீண்டுவது, இவையெல்லாம் காரணமாக இருக்கலாம், அதையும் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்குச் செலவு செய்யும் பெற்றோருக்குப் பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய், தீவிரப் பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. புதிய முறைக்கு மாறினால் ஒரு பைசா கிடையாது. தெரபி ஃபீஸ் மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது. இதை எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ!

சரி, காலண்டரில் குறிக்க ஆரம்பியுங்கள். எந்தக் கிழமை, எந்தப் பீரியடு என்று பிடிபட்டதும் இங்கேயே எழுதுங்கள். கடிதம் எழுத நான் உதவுகிறேன்.