காட்டுக்குள் ஆள் தேடும் ரேடார்

கேள்வி: சென்ற மாதம் பினாங்குக் கொடிமலையில் ஏறப்போன என் தம்பி, இருட்டியதும் வழி தவறிவிட்டான். பொம்பாக்காரர்கள் (தீயணைப்பு மீட்புப் படையினர்) விடியும்வரை தேடினார்கள். மரங்களுக்குள் இருக்கும் ஆளைக் காட்டும் ரேடார் உண்டாமே? இங்கே கொண்டுவந்தால் என்ன?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: உண்டு, தங்கச்சி. பழைய சங்கதிதான். 1968-இல் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுக்கூடம் 'கேம்ப் சென்டினல்' என்ற ரேடாரை வியட்நாமுக்கு அனுப்பியது. உயரமான கோபுரத்தில் ஆண்டெனா. அமெரிக்கப் படை முகாமைச் சுற்றிய காட்டில் யார் நடக்கிறார்கள் என்று பார்ப்பது அதன் வேலை.

பட்டர்வொர்த்தில் கப்பல் ரேடார்களைப் பழுது பார்த்தே என் காலம் போனது. கப்பலில் வழக்கமாக இருப்பது 3 சென்டிமீட்டர் நீள அலை. கனமழை பெய்தாலே திரை வெளுத்துவிடும். நீர் நிறைந்த இலைகள் அடர்ந்த காட்டில் அது சீக்கிரமே செத்துவிடும். கேம்ப் சென்டினலின் அலையோ சுமார் 70 சென்டிமீட்டர். நீள அலை இலையை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் உள்ளே போகும்.

போய்விட்டால் மட்டும் ஆள் தெரிந்துவிடுமா? மரத்திலும் பட்டுத்தான் அலை திரும்புகிறது. அசைவதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அலை என்ற எண்ணிக்கை, சற்று மாறும்; அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி நடந்தால், திரும்பும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 3 ஹெர்ட்ஸ்தான் மாறும். காற்றில் ஆடும் கிளையும் இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். ரேடாரை நெருங்காமலும் விலகாமலும் குறுக்கே நடப்பவரோ அதன் கண்ணில் படவே மாட்டார். அப்புறம், கொடிமலை 833 மீட்டர். பள்ளத்துக்குள் இருப்பவரை மறைப்பது இலை இல்லை, மலைதான். அதை எந்த அலையாலும் துளைக்க முடியாது.

பெரிய சிக்கல் இன்னொன்று. வழி தவறினால் இருந்த இடத்திலேயே இரு என்றுதான் சொல்கிறோம். அந்த ரேடாருக்கோ ஆள் நடந்தால்தான் தெரியும்! உட்கார்ந்திருப்பவரின் மூச்சையும் இதயத்துடிப்பையும் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. நாசா உருவாக்கிய 'ஃபைண்டர்', 2015 நேபாள நிலநடுக்கத்தில் இடிபாடுகளுக்குள் கிடந்த 4 பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஆனால் இடம் ஓரளவு தெரிந்து, பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் அது பயன்படும். முழு மலையையும் அதை வைத்துத் துழாவ முடியாது.

எனவே பொம்பாவிடம் ரேடார் கேட்பதற்கு முன், தம்பிக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுங்கள். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று. கத்தினால் தொண்டை கட்டிவிடும், விசிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கைப்பேசியில் சார்ஜ் இருக்கும்போதே அவசர எண் 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.