கப்பல்காரர் பதில்கள்: பகலும் இரவும் சரிபாதி

(எண்ணெய்க் கப்பல்களில் செகண்ட் ஆபீசராக வழி பார்த்து ஓய்வுபெற்றவர், வானம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். இந்த இதழில் மார்ச் மாதத்துச் சமபகலிரவு.)

பள்ளியில் மார்ச் 21 என்று படித்தோம். இப்போது எங்கே பார்த்தாலும் 20 என்று போடுகிறார்கள். எது சரி?

அதை ஒரு நாளாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையில் அது ஒரு கணம். சூரியன் வான நடுக்கோட்டை, அதாவது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் கற்பனையாக வரைந்த கோட்டை, தெற்கிலிருந்து வடக்கே தாண்டும் கணம். கிரீன்விச் நேரப்படி 2024-இல் அது மார்ச் 20 அதிகாலை 3.06-க்கு வந்தது. 2025-இல் அதே தேதி காலை 9.01. 2026-இல் பிற்பகல் 2.46. ஆண்டுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிப்போகும். லீப் ஆண்டு வந்ததும் ஒரு நாள் முன்னுக்கு இழுக்கப்படும். ஒரே கணம் லண்டனில் 20-ஆம் தேதி இரவாகவும் டோக்கியோவில் 21-ஆம் தேதி காலையாகவும் இருக்கலாம். 2023-இல் அப்படித்தான் ஆயிற்று. உங்கள் ஆசிரியரைத் திட்டாதீர்கள்.

அன்று பகலும் இரவும் மிகச்சரியாகப் பன்னிரண்டு மணி நேரம்தானே?

இல்லை. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனே மேலே வந்துவிட்டதாகத் தெரியும். போதாக்குறைக்கு, சூரியனின் மேல் விளிம்பு தலைகாட்டியதுமே உதயம் என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். நிலநடுக்கோட்டிலேயே பகல் ஏழு நிமிடம்போல அதிகம்.

அன்று நம்பத் தகுந்தது திசை. துருவங்களை விட்டுவிட்டால், எந்த ஊரிலும் சூரியன் நேர் கிழக்கில் எழும், நேர் மேற்கில் விழும். கப்பலில் உதயத்தை வைத்து காம்பஸின் பிழையைச் சரிபார்ப்போம். மற்ற நாட்களில் அதற்கு அட்டவணை வேண்டும். அன்று 90 டிகிரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஒரு நுணுக்கம்: கீழ் விளிம்பு கடலுக்கு மேலே அரை விட்டத்தைவிடச் சற்று உயரே வந்த பிறகுதான் திசையைக் குறிக்க வேண்டும். முந்திக்கொள்ளும் பயிற்சி மாலுமிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த நாளை உண்மையாகவே கொண்டாடுகிறவர்கள் யார்?

அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து கொண்டாடுகிறவர்கள் ஈரானியர்கள். நவ்ரூஸ் அவர்களுடைய புத்தாண்டு. ஆண்டு மாறும் கணத்துக்கு ‘தஹ்வீலே சால்’ என்று பெயர். அது விடிகாலை மூன்று மணிக்கு வந்தாலும் குடும்பத்தோடு எழுந்து உட்காருவார்கள். ஆப்கானிஸ்தான், அஜர்பைஜான், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், குர்து மக்கள் என்று இந்தப் பண்டிகையின் பரப்பு பெரிது. ஐ.நா. சபை 2010-இல் மார்ச் 21-ஐப் பன்னாட்டு நவ்ரூஸ் நாளாக அறிவித்தது. சபைகளுக்கு ஒரு தேதி வேண்டும் அல்லவா!

எங்கள் கப்பலில் ஈரானிய எஞ்சினியர் ஒருவர் இருந்தார். மார்ச் பிறந்ததுமே, கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜுக்கு ஏறி வந்து, “செகண்ட், இந்த வருஷம் எத்தனை மணிக்கு?” என்பார். மாலுமிகளின் வான அட்டவணையான நாட்டிகல் அல்மனாக்கில் மணிக்கு மணி சூரியனின் சாய்வு, அதாவது வான நடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது, போட்டிருக்கும். அது தெற்கிலிருந்து வடக்காக மாறும் இடத்தைப் பிடித்து, இடையில் கணக்குப் போட்டு, கப்பல் நேரத்துக்கு மாற்றிக் கொடுப்பேன். ஐந்தாறு நிமிடம் முன்பின் இருக்கும். அவருக்கு அது போதாது. சிற்றலை வானொலியில் தெஹ்ரானைப் பிடித்து நொடி பார்த்துக்கொள்வார்.

ஹஃப்த் சீன் என்று ஒரு விரிப்பு வைப்பார்கள். ‘சீன்’ என்ற பாரசீக எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருட்கள்: முளைவிட்ட கோதுமை, ஆப்பிள், பூண்டு, வினிகர், சுமாக் என்ற புளிப்புப் பொடி என்று போகும். கப்பல் ஸ்டோரில் சுமாக்குக்கு எங்கே போவது? நாணயத்துக்கும் அதே எழுத்துதான் என்று சில்லறையை வைத்துச் சமாளித்தார். தட்டுகள் வழுக்காமலிருக்க மேசைத் துணியை நனைத்துப் போட்டோம். கடல் ஆடும்போது நாங்கள் சாப்பிடும் முறையே அதுதான். ஆண்டின் கடைசிச் செவ்வாய் இரவில் “என் மஞ்சள் உனக்கு, உன் சிவப்பு எனக்கு” என்று நெருப்பிடம் சொல்லிக்கொண்டு அதைத் தாண்டுவது வழக்கம்; மஞ்சள் நோய், சிவப்பு ஆரோக்கியம். நாங்கள் ஏற்றியிருந்தது கச்சா எண்ணெய். கேப்டனிடம் அவர் கேட்கவே இல்லை. பதின்மூன்றாம் நாள் முளைப்பயிரை ஓடும் நீரில் விடவேண்டும். அதற்கு மட்டும் எங்களிடம் பஞ்சமில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தக் கணம் தெஹ்ரானில் நண்பகலுக்கு முன் வந்தால் அன்றே ஆண்டின் முதல் நாள். பின் வந்தால் மறுநாள். 2025-இல் பிற்பகல் 12.31-க்கு வந்ததால் முதல் நாள் மார்ச் 21-க்குப் போயிற்று. அரை மணி நேரத்தில் ஒரு நாள் தள்ளிப்போயிற்று! வசந்தத்தோடு ஆண்டைக் கட்டிவைத்த பாரசீகத்தின் ஜலாலி நாள்காட்டி 1079-இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் கணித்த குழுவில் உமர் கய்யாமும் உண்டு. உலகம் அவரை மதுவும் கவிதையுமாகவே நினைவில் வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்தது ஜப்பான். அங்கே சமபகலிரவு நாள் 1948 முதல் சட்டப்படி தேசிய விடுமுறை. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால், வானியல் கணக்குப்படி முந்தைய ஆண்டு பிப்ரவரியிலேயே அரசிதழில் வெளியிட்டுவிடுவார்கள். அதைச் சுற்றிய ஏழு நாட்கள் ‘ஹிகான்’. முன்னோர் கல்லறைகளைத் துடைத்துப் பூ வைத்துக் கும்பிடும் வாரம். அமிதாப புத்தரின் சொர்க்கமான ‘தூய நிலம்’ மேற்கே இருக்கிறது என்பது நம்பிக்கை; சூரியன் நேர் மேற்கில் இறங்கும் நாளை இதற்குத் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் தெரிகிறது.

அன்று மட்டும் முட்டை செங்குத்தாக நிற்குமாமே?

எல்லா நாளும் நிற்கும். பொறுமைதான் வேண்டும். சீனர்களின் வசந்தத் தொடக்க நாளில், அதாவது பிப்ரவரித் தொடக்கத்தில், முட்டை நிறுத்துவதைப் பற்றி 1945-இல் அமெரிக்க லைஃப் இதழ் எழுதியது. அமெரிக்கர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மார்ச்சுக்கு மாற்றிவிட்டார்கள். செயற்கைப் பனிப்படிகத்தை முதலில் உருவாக்கிய ஜப்பானிய இயற்பியலாளர் நகாயா உகிச்சிரோ, சாதாரண நாளிலேயே முட்டையை நிறுத்திக் காட்டி 1947-இல் கட்டுரையே எழுதினார். ஓட்டின் அடியில் இருக்கும் நுண்ணிய மேடு பள்ளங்கள் முக்காலிபோலத் தாங்குகின்றன என்பது அவர் சொன்ன காரணம்.

ஈஸ்டருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. நிலவையும் 21-ஐயும் தேவாலயக் கணக்குப்படிதான் எடுப்பார்கள். பழைய ஜூலியன் நாள்காட்டியில் சமபகலிரவு நழுவி நழுவி மார்ச் 11-க்கு வந்துவிட்டதால், 1582-இல் போப் கிரிகோரி பத்து நாட்களை ஒரேயடியாக வெட்டி எறிந்தார்.

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் அன்று கூட்டம் கூடுகிறதே?

கூடும். ஆனால் அந்தக் கற்களின் அச்சு ஜூனில் மிக நீண்ட பகலின் உதயத்தையும் டிசம்பரில் மிகக் குறுகிய பகலின் அஸ்தமனத்தையும் நோக்கியது. மார்ச்சில் போகிறவர்கள் கூட்டத்தைப் பார்க்கலாம்.

அன்று பள்ளிக்கு லீவு வேண்டும் என்று என் மகன் அடம்பிடிக்கிறான். ஏதாவது முன்னுதாரணம் உண்டா?

போலந்தில் மார்ச் 21 அன்று மர்ஜன்னா என்ற வைக்கோல் பொம்மையை, குளிர்காலத்தின் உருவமாகப் பாவித்து, எரித்தோ ஆற்றில் எறிந்தோ அனுப்பிவைப்பார்கள். அதே நாள் அங்கே மாணவர்கள் பள்ளிக்கு மட்டம் போடும் நாளும்கூட. அரசு அனுமதித்ததல்ல, ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டோடு காத்திருப்பார்கள். இந்தப் பக்கத்தை மகன் கண்ணில் படாமல் வையுங்கள்.