லோடு வண்டி வாங்க பூஜ்ய வட்டிக் கடனா, ரொக்கத் தள்ளுபடியா? எது லாபம்?

கேள்வி கேட்டவர் மண்டபத்தில் மீன் வியாபாரம் செய்கிறார். சின்ன லோடு வண்டி, ஆன்ரோடு 6 லட்சம். கையில் 2 லட்சம் இருக்கிறது. மீதி 4 லட்சத்துக்கு 24 மாதம் வட்டியே இல்லாத கடன் என்கிறார்கள். அந்தக் கடன் வேண்டாம் என்றால் விலையில் 30,000 ரூபாய் குறைப்பார்களாம். எதை எடுப்பது என்பது கேள்வி.

ராமநாதபுரத்தில் ஒரு வண்டி ஷோரூமில் ஃபைனான்ஸ் மேசையில் சில வருடம் இருந்தவன் என்பதால், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள் எண்களுக்கு மட்டும் பதில் வேண்டுமானால் இதுதான்: வெளியே 10 சதவீதமோ அதற்கு மேலோதான் கடன் கிடைக்கும் என்றால் ஷோரூம் கடனை எடுங்கள். வீட்டு நகையை வைத்து 9 சதவீதத்துக்குக் கீழே புரட்ட முடிந்தால் தள்ளுபடியை எடுங்கள். எப்படிப் போனாலும் வித்தியாசம் சில ஆயிரம்தான். ஆனால் இதே ஆஃபரில் ஒரே ஒரு எண் மாறினால் பதில் தலைகீழாகப் புரளும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"வட்டி ஒரு பைசா கிடையாதுண்ணே" என்று சேல்ஸ் தம்பி சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த ஃபைனான்ஸ் கம்பெனியும் சும்மா பணம் தராது. அந்த வட்டியை வண்டிக் கம்பெனியோ டீலரோ அவர்களுக்கு மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். கடன் வேண்டாம் என்கிறவருக்கு அதே பணம் தள்ளுபடியாக வருகிறது. இரண்டும் ஒரே பையிலிருந்து போகிற காசு. இந்த வழக்கமெல்லாம் அமெரிக்காவில் பழசு. 1975 தொடக்கத்தில் கிரைஸ்லர் கம்பெனி, தேங்கிக் கிடந்த கார்களைத் தள்ளிவிட ரிபேட், அதாவது வாங்கியவருக்குக் கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் நாடு முழுக்கப் பூஜ்ய வட்டி அறிவித்தது. இரண்டுமே வண்டி விற்காத காலத்தில் விலையைக் குறைக்காமல் குறைக்கிற வழி.

ஆகவே நீங்கள் விட்டுக்கொடுக்கிற 30,000தான் உங்கள் வட்டி. ரொக்கத்துக்கு வண்டி 5,70,000. 2 லட்சம் போக உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது 3,70,000. அதை வாங்கிக்கொண்டு மாதம் 16,667 வீதம் 24 டியூ, மொத்தம் 4 லட்சம் கட்டுகிறீர்கள். இதை வருட வட்டியாகப் போட்டால் சுமார் 7.6 சதவீதம். பிராசஸிங் ஃபீஸ் 5,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 900, ஆக 5,900 என்று வைத்தால் 9.2 வரை ஏறும். இதையே பேங்கில் 10 சதவீதத்துக்கு 3,70,000 எடுத்தால் டியூ 17,073 வரும். இரண்டு வருடத்தில் ஷோரூம் கடனைவிட ஏறக்குறைய 4,000 ரூபாய் கூடுதல், பேங்க் ஃபீஸ் தனி. இதில் பூஜ்யமே ஜெயிக்கிறது.

இப்போது 24 மாதத்தை 12 மாதமாக்குங்கள். தள்ளுபடி அதே 30,000. டியூ 33,333. வட்டி எவ்வளவு தெரியுமா? ஃபீஸ் சேர்க்காமலே 14.6 சதவீதம். இன்னொன்று: நீங்கள் 4 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு 2 லட்சம் மட்டும் 24 மாதக் கடனாகக் கேட்டால், அப்போதும் விடுகிற தள்ளுபடி முழுசாக 30,000தான். வட்டி 16 சதவீதத்தைத் தொடும். "கொஞ்சமா கடன் வாங்குறேன், சீக்கிரம் அடைச்சிடுறேன்" என்று நல்லபிள்ளையாக யோசிக்கிறவருக்குத்தான் பூஜ்ய வட்டி அதிகமாகக் கடிக்கும். பெரிய கடன், நீளமான தவணை, சின்னத் தள்ளுபடி, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது மலிவு.

கடையில் நின்றபடியே போட ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. கடனிலிருந்து தள்ளுபடியைக் கழியுங்கள். அதில் பாதியால் தள்ளுபடியை வகுங்கள். பிறகு வருடத்தால் வகுங்கள். உங்களுக்கு 30,000ஐ 1,85,000ஆல் வகுத்து, மறுபடி 2ஆல் வகுத்தால் 8.1 சதவீதம். உண்மையைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆனால் பேரம் பேச இது போதும். இதோடு ஒப்பிட வேறு யாராவது வட்டி சொன்னால், ஃப்ளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் நிலுவைக்கா (கட்டியது போக மீதிக்கு மட்டும் வட்டி) என்று முதலில் கேளுங்கள். மூன்று வருடக் கடனுக்கு 7 சதவீதம் ஃப்ளாட் என்றால் அது நிஜத்தில் 12.8 சதவீதம்.

2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையில் பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்றே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. விலையில் தள்ளுபடி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு கடன் கொடுங்கள், வட்டியைக் குறைத்ததுபோல் காட்டாதீர்கள் என்றது. 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்த்த வருட வட்டியைப் போட்டு, உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு முக்கிய விவரத் தாள் தர வேண்டும். தமிழிலேயே கேட்டு வாங்குங்கள். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஃபீஸ் அதில் ஏறும், நீங்கள் விட்ட 30,000 ஏறாது. உங்கள் தாளில் வருட வட்டி சுமார் 1.4 சதவீதம் என்றுதான் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கொட்டேஷன் தாளை நான் எத்தனையோ பேருக்கு நீட்டியிருக்கிறேன். எல்லோர் கண்ணும் நேரே கடைசி வரிக்கு, மாத டியூவுக்குப் போகும். நடுவில் இன்சூரன்ஸ், எக்ஸ்ட்ரா வாரன்டி, ஆக்சசரீஸ், டாக்குமென்ட் சார்ஜ் என்று நாலு வரி பொடி எழுத்தில் இருக்கும். கொடுத்த தள்ளுபடியை அங்கேதான் திரும்ப எடுப்பார்கள். இன்சூரன்ஸை வெளியிலும் ஒரு விலை கேளுங்கள், அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. "20,000 மதிப்புள்ள ஆக்சசரீஸ் இலவசம்" என்பது தள்ளுபடி ஆகாது. ஒன்றை மட்டும் நம் கடற்கரைக்கு விதிவிலக்காகச் சொல்வேன்: அடிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சு. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி சேசிஸ் முழுக்க ஓடும். போதாததற்குப் பாம்பன் காற்று வேறு. ஷோரூம் விலைக்கு வேண்டாம், வெளியில் விசாரித்து அடித்துக்கொள்ளுங்கள்.

பேரத்தில் வரிசை முக்கியம். கடன் பேச்சையே எடுக்காமல் முதலில் முழு ரொக்க விலையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தள்ளுபடி பில்லிலேயே கழிந்து வர வேண்டும், "பிறகு அக்கவுண்டில் போடுகிறோம்" என்றால் தலையாட்டாதீர்கள். அப்புறம் கடனைப் பற்றிப் பேசலாம். அட்வான்ஸ் டியூ என்று இரண்டோ மூன்றோ முன்கூட்டியே பிடித்தால் கையில் வரும் கடன் அந்த அளவு குறைவு, வட்டி அந்த அளவு கூடுதல்.

இதெல்லாம் கணக்கு. நம் ஊர் விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நடுவில் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப் போய்விட்டது என்று ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம் வந்தால் அது தனி. நாட்டுப்படகு மீனை மட்டும் நம்பி மாதம் 16,667 வருமா? ஒரு டியூ பவுன்ஸ் ஆனால் பேங்க் ஒரு சார்ஜ், ஃபைனான்ஸ் ஒரு சார்ஜ் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள், சிபில் மார்க்கும் இறங்கும். நகைக்கடனில் மாத டியூ இல்லாமல் வருடக் கடைசியில் கட்டும் வகை உண்டு. தடைக்காலம் முடிந்து மீன் பாடு நன்றாக வரும் மாதங்களில் பாதியை அடைத்துவிடலாம், அடைத்த தொகைக்கு வட்டியும் நின்றுவிடும். பூஜ்ய வட்டிக் கடனை முந்தி அடைத்தால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது, விட்ட தள்ளுபடி விட்டதுதான். என் கணிப்பில், இந்த ஒரு காரணத்துக்காகவே மீன் தொழிலில் இருக்கிறவருக்குத் தள்ளுபடியும் நகைக்கடனும்தான் தோது, நகையை மீட்கிற வைராக்கியம் இருந்தால்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து பாய்மார் பலர் வட்டி கூடாது என்பதற்காகவே பூஜ்யத்தைத் தேடி வருவார்கள். அவர்களிடம் 30,000 கணக்கைப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் லேட் ஆனால் போடும் அபராத வரியையும், வட்டியை யார் கட்டுகிறார் என்பதையும் தாளில் காட்டி, அவர்கள் ஜமாஅத் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்வேன்.

எந்தக் கம்பெனிக் கடனில் வண்டி எடுத்தாலும் ஆர்சியில் அவர்கள் பெயர் ஏறும். கடைசி டியூ கட்டிய கையோடு கடன் பாக்கியில்லை என்ற என்ஓசியும், கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35ம் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் அந்தப் பெயரை நீக்குங்கள். விற்கப் போகிற அன்றைக்குப் போய் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.