அக்காவா, தங்கையா?

அன்புள்ள ஐயா,

லண்டனில் இருக்கிறோம். மகள் பள்ளி இறுதியாண்டு. பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். லத்தீனோ கிரேக்கமோ ஓரெழுத்துகூடத் தெரியாது. எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பிலேயே படிக்கும் பாடத்திட்டமும் இருக்கிறதாம். அது போதுமா? படித்தால் சோறு கிடைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சோற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நேராக ஒரு வேலையில் கொண்டுபோய் விடும் படிப்பல்ல இது. வக்கீல், ஆசிரியர், அருங்காட்சியகம் எதுவானாலும் மேற்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். ஒருகாலத்தில் கதை வேறு. 1855இல், இந்தியாவை நிர்வகிக்க அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். போட்டித் தேர்வு தொடங்கியபோது கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375. தமிழ் பட்டியலிலேயே இல்லை.

மொழிபெயர்ப்பு போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. வட இங்கிலாந்தில் விண்டோலண்டா என்ற ரோமானியப் படைமுகாம் இருந்த இடத்தில், மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் 1973 முதல் கிடைத்துவருகின்றன. அதில் ஒன்று கி.பி. 100 வாக்கில் எழுதியது. ஓர் அதிகாரியின் மனைவி கிளாடியா செவெரா, இன்னொரு அதிகாரியின் மனைவி சல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு, செப்டம்பர் 11க்கு, அழைக்கிறாள். கடிதம் எழுத்தர் கையால் எழுதப்பட்டது. கடைசியில் மட்டும் கையெழுத்து மாறுகிறது. எழுதுகோலை வாங்கி அவளே எழுதியிருக்கிறாள்: 'ஸ்பெராபோ தே, சோரோர்.' உன்னை எதிர்பார்த்திருப்பேன், சோரோர்.

ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். தமிழில் போடப் பார்த்து நான் மாட்டிக்கொண்டேன். அக்காவா, தங்கையா? லத்தீன் வாய் திறக்காது. கூடப்பிறந்தவர்கள் மாதிரியும் தெரியவில்லை, பிரியத்தில் கூப்பிட்டது. வயது தெரியாத தோழியை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது? 'அக்கா' என்றேன், அடித்தேன். 'அடியே' என்று எழுதிப் பார்த்து அதையும் அடித்தேன். அந்த ஒரு சொல்லில் இரண்டு நாள் போயிற்று. ஆங்கிலத்தில் படித்திருந்தால் இப்படியொரு சிக்கல் இருப்பதே தெரிந்திருக்காது.

அதனால் மொழியும் கற்றுத்தரும் இடமாகத் தேடச் சொல்லுங்கள். ஓரெழுத்தும் தெரியாமல் வருபவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் நான்காண்டுப் படிப்பில் தனி வழியே உண்டு. முதலாண்டு மனப்பாடத்திலேயே போகும், சொல்லிவையுங்கள்.

அந்தக் கடிதம் பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சொந்தம். அனுமதி இலவசம். காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப் போங்கள். அவள் கைப்பட எழுதியது கடிதத்தின் வலதுபக்கம், கீழ்மூலை.