‘எளிய நடை’ என்று எழுதினால் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

கேள்வி: என் மகள் சென்னையில் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். புதுமைப்பித்தன் சிறுகதைகள்தான் ஆய்வேடு. ‘எளிய நடை, நகைச்சுவைத் தொனி’ என்று எழுதியதை நெறியாளர் ‘போதாது’ என்று திருப்பிவிட்டார். நடையையும் தொனியையும் குறிக்கும் சொற்பட்டியல் எங்கே கிடைக்கும்? கல்லூரிக்குப் பக்கத்து டிடிபி கடையில் அந்த இயலை எழுதித் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா? – ஒரு தாய், பெரம்பூர்

பதில்: முதலில் அந்தக் கடை. அந்தப் பக்கமே போகாதீர்கள். அவர்களிடம் இருப்பது ஒரே இயல்தான். எழுத்தாளர் பெயர் மாறும், ‘ஆற்றொழுக்கான நடை’ மாறாது. ‘காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் மாட்டாது’ என்பார்கள், நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிப்படி, மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மாட்டுவது உங்கள் மகள். கடைக்காரர் அடுத்த ஆளுக்குப் பிரின்ட் போட்டுக்கொண்டிருப்பார்.

பட்டியலும் வேண்டாம். வாக்கியம் கட்டப்பட்ட விதம் நடை. சொல்கிறவர் தான் சொல்லும் ஆளை எப்படிப் பார்க்கிறார் என்பது தொனி. ‘நகைச்சுவை’ என்று நிறுத்தினால் எந்தச் சிரிப்பு என்பது தெரியாது. எள்ளல், இளமை, பேதைமை (அறிவின்மை), மடன் (சொன்னதை விடாப்பிடியாக நம்புவது) என்று நகை பிறக்கும் நான்கு இடங்களைத் தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர், இனிஷியல், ‘அவர்கள்’ எல்லாம் போட்டுத் தடபுடலாகப் பிள்ளையை அறிமுகப்படுத்துகிறார் புதுமைப்பித்தன். பிராட்வே முனையில் நின்று பிள்ளை தீவிரமாக யோசிப்பது என்ன? டிராமில் போனால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சும். பஸ்ஸில் போய்க் கண்டக்டரை ஏமாற்றினால் அரைக் கப் காப்பி. இதை இப்படி எழுதலாம்: ‘நடை: விழா அழைப்பிதழ் போன்ற மரியாதைத் தொடர், அதை ஒட்டியே சில்லறைக் கணக்கு. தொனி: பரிவு கலந்த எள்ளல்.’ பரிவு எங்கே என்று கேட்பார்கள். ஏமாற்றும் யோசனையை ஆசிரியர் ஒரு சொல்லால்கூடக் கண்டிக்கவில்லை, அதைக் காட்டட்டும்.

‘நான்’ என்று ஒருவன் சொல்லும் கதையில் மட்டும் ஜாக்கிரதை. அவன் புலம்புவதைப் பார்த்து ‘சோகத் தொனி’ என்று எழுதிவிடுவார்கள். புலம்புவது அவன், ஆசிரியர் பின்னால் நின்று அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம். அவன் சொல்வதையும் கதையில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் கைவிட்டதாக அவன் சொல்வான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் யாராவது சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்போது அவன் தொனி ஒன்று, கதையின் தொனி வேறொன்று. இரண்டையும் எழுத வேண்டும்.

உங்கள் மகள்மேல் தப்பில்லை. ‘இனிய எளிய நடையில் விளக்குகிறார்’ என்று எழுதினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை மார்க். எம்.ஏ. வந்ததும் அதே வரிக்குச் சிவப்பு மை. எது போதாது என்று ஓரத்தில் எழுத நெறியாளருக்கு அரை நிமிஷம் ஆகுமா? அதுகூட எழுத மாட்டார்கள். அப்புறம் டிடிபி கடையில் கூட்டம் சேராமல் என்ன செய்யும்?

எள்ளல், கிண்டல், ஏளனம் என்று சொல் தடுமாறினால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். இயல் முழுவதையும் இப்போதே திருத்த வேண்டாம். ஒரே ஒரு பத்தியை மேலே சொன்னபடி எழுதி நெறியாளரிடம் காட்டி, ‘இப்படிப் போகலாமா’ என்று கேட்டுவிட்டு மற்றதைத் தொடட்டும்.